கூடிப்போன எண்ணெய்

எஞ்சினில் எண்ணெய் குறைந்தால் ஊற்றலாம். கடைக்காரனைத் திட்டலாம், எஞ்சினைத் திட்டலாம், போன பிறவியில் செய்த பாவத்தைத் திட்டலாம். கூடினால் யாரைத் திட்டுவது? "எண்ணெய் கூடிப்போச்சு" என்று யாரிடமாவது போய்ச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

மாப்பிள்ளை எஞ்சின் அறையில் குந்தியிருந்து ஆயில் குச்சியைத் துணியில் துடைத்தான், திரும்ப உள்ளே விட்டான், உருவி வெளிச்சத்தில் பிடித்தான். மறுபடியும் அதேதான். குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. எண்ணெய் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு ஏறியிருந்தது. ஒரு வாரமாக அவன் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை.

முகர்ந்து பார்த்தான். டீசல் வாடை. ஆனால் அந்த அறையில் எதில்தான் டீசல் வாடை இல்லை? அவன் சட்டையில் அடிக்கிறது, தலைமயிரில் அடிக்கிறது, ராத்திரி சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அடிக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் ஒரு சொட்டை வைத்துத் தேய்த்தான். எண்ணெய் என்றால் விரலோடு ஒட்டி இழுக்க வேண்டும். இது தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது.

எங்கிருந்தோ டீசல் கசிந்து எண்ணெய்க்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. நீர்த்துப்போன எண்ணெய், சுழல்கிற கிராங்குக்கும் அதைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவில் நிற்காது. இரும்போடு இரும்பு உரசும். உரசிக்கொண்டே போய் ஒரு நேரம் பார்த்து எஞ்சின் இறுகி நின்றுவிடும். கரையில் கட்டியிருக்கும்போது நின்றால் செலவோடு போயிற்று. நடுக்கடலில் நின்றால்?

மேலே மூட்டைகள் விழுந்து பலகை அதிர்ந்தது. தீவுக்குப் போய்வருகிற அந்தப் பயணிகள் படகை ஓட்டுகிற மச்சான், அதாவது அவன் மனைவியின் அண்ணன், யாரையோ அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். மனைவி சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் குரல் கேட்டது. வீட்டில் எல்லாரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

இப்போதே ஏணியில் ஏறிப்போய், "மச்சான், இன்னிக்குப் படகு எடுக்க வேணாம்" என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் நேற்று இரவு அந்த வீட்டில் நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் அவன் ஏன் அப்படியே உட்கார்ந்திருந்தான் என்பது விளங்கும்.

அவன் வீட்டோடு மாப்பிள்ளை. வந்து ஒன்றரை வருஷமாகிறது. மாமனாருக்கு இடுப்பு விட்டுப்போய், ஏணியில் இறங்க முடியாமல் ஆனபின்தான் எஞ்சின் இவன் கைக்கு வந்தது. அதுவரை முப்பது வருஷமாக அது மாமனாரின் எஞ்சின். நாலு சிலிண்டர், பச்சைப் பெயின்ட், ஆள் உயரத்துக்குப் பாதி. வீட்டில் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர். "பெரியவர் எழுந்துட்டாரா?" என்று மாமியார் கேட்டால் அவள் தன் புருஷனைக் கேட்கவில்லை, எஞ்சினைக் கேட்கிறாள் என்று அர்த்தம்.

அந்தப் பெரியவருக்கு மாமனார் ஊற்றியதெல்லாம் நாற்பது நம்பர் எண்ணெய் ஒன்றுதான். வேறு எதையும் கிட்டே சேர்க்க மாட்டார். படகுத்துறையில் அவருக்குப் பெயரே 'நாப்பது நம்பர்'. "நாப்பது வராரு, வழி விடு" என்பார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமை. நாற்பது நம்பர் கெட்டியான எண்ணெய். எஞ்சின் சூடாகிவிட்டால் கச்சிதமாக இருக்கும். விடியற்காலைக் குளிரில் மட்டும் பாகு மாதிரி உறைந்துகொண்டு, எஞ்சின் கிளம்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதோடு, தேய்ந்த எஞ்சின், கிழப்புலி. இரண்டு நடைக்கு ஒரு லிட்டர் எண்ணெயைக் குடித்துவிடும்.

மாப்பிள்ளை இதை மாற்றலாம் என்று நினைத்தான். எண்ணெய்க் கடைக்காரன் அவனைப் பார்த்ததும் பளபளவென்று ஒரு டின்னை எடுத்து நீட்டினான். "இதான் இப்ப எல்லாரும் போடறாங்க. புதுக் காருக்கெல்லாம் இதான்" என்றான். "எங்களது கார் இல்லை. எங்க மாமனாரோட சம்பந்தி வயசு அதுக்கு" என்று சொல்லிவிட்டு இவன் ஒவ்வொரு டின்னாகத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தான். புத்தம்புது எண்ணெயில் அழுக்கைக் கரைக்கிற மருந்து அதிகம். முப்பது வருஷத்து அழுக்கை ஒரேயடியாகக் கிளப்பிவிட்டால் அது போய்ச் சல்லடையை அடைத்துக்கொள்ளும். பழைய டீசல் எஞ்சினுக்கென்றே வருகிற பதினைந்து நாற்பது நம்பர் எண்ணெயைத் தேடி எடுத்தான். குளிரில் இளகும், சூட்டில் கெட்டி நிற்கும். ஊற்றிய பிறகு பில்டரையும் அடுத்தடுத்து இரண்டு முறை மாற்றினான்.

மாமனார் தடுக்கவில்லை. சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "படிச்சவங்க போடறாங்க. நாம என்னத்தைக் கண்டோம்" என்றார். அவ்வளவுதான். அது போதாதா? மாப்பிள்ளைக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். எஞ்சின் விடியற்காலையில் ஒரே சுற்றில் கிளம்பியது. அதைவிட, எண்ணெய் குடிப்பதை நிறுத்திவிட்டது. நாலு நடை போய்வந்தும் குச்சியில் அளவு இறங்கவில்லை. ஆறு நடை, அப்போதும் இறங்கவில்லை. மச்சான் நம்பாமல் தானே வந்து குச்சியை உருவிப் பார்த்தான். நேற்று இரவு வீடே மாப்பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. மாமியார் அவனுக்கு முதலில் சோறு போட்டாள். முப்பது வருஷமாகக் குடித்துக்கொண்டிருந்தவரைக் குடியை நிறுத்த வைத்துவிட்டான் என்று பாப்பா சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மாமனார் மெதுவாக, "நாளைக்கு நானும் வரேன். பெரியவர் சத்தத்தைக் கேட்டு நாளாச்சு" என்றார்.

அப்போதே அவனுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. தேய்ந்த எஞ்சின், எண்ணெயை மாற்றிவிட்டால் மட்டும் எப்படிக் குடியை நிறுத்தும்? உறுத்தியதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புகழ்ச்சி காதை அடைத்திருந்தது.

இப்போது குச்சி பதில் சொல்லிவிட்டது. எஞ்சின் குடிப்பதை நிறுத்தவே இல்லை. அது குடித்ததையெல்லாம் டீசல் நிரப்பிக்கொண்டிருந்தது. இப்போது குடிப்பதைவிட நிரம்புவது அதிகமாகிவிட்டது.

மேலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "மாப்பிள்ளை, கிளப்புங்க. கேக்கலாம்."

அவன் குச்சியைத் துடைத்துச் செருகினான். போய்விட்டுத்தானே வரப்போகிறோம், சாயங்காலம் கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு நடைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். விசையைத் திருப்பினான். பெரியவர் ஒரே சுற்றில் எழுந்தார். மேலே மாமனார் கைதட்டும் சத்தம் கேட்டது.

போகிற வழியெல்லாம் கடல் எண்ணெய் தடவினாற்போலக் கிடந்தது. இருபது பேர் இருந்தார்கள். தீவில் பள்ளிக்கூடம் கட்டப் போகிற கொத்தனார்கள், மகளைப் பார்க்கப் போகிற ஒரு பெரியம்மா, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், சிமென்ட் மூட்டைகள், இரண்டு சைக்கிள். மாப்பிள்ளை எஞ்சினை விட்டு நகரவில்லை. சுவரில் எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டர் இருந்தது. வழக்கமாக முள் பாதிக்கு மேலே நிற்கும். இன்றைக்குப் பாதிக்கும் கொஞ்சம் கீழே நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்காமல் இருந்தால் இறங்கிவிடும் என்பது போல.

தீவுத்துறையில் சாமான் இறக்குகிற நேரத்தில் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டான். அங்கே ஒரு நாள் தங்கினாலும் பரவாயில்லை. மேலே ஏறினான். மாமனார் துறையில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து நாலு பேரைச் சுற்றி நிறுத்திவைத்திருந்தார்.

"ஆறு நடை. ஒரு சொட்டு இறங்கல. நான் முப்பது வருஷம் ஊத்தி ஊத்திக் கை வலிச்சவன் சொல்றேன்."

"நாப்பது நம்பரே இப்படிச் சொன்னா அப்புறம் என்ன இருக்கு" என்றான் ஒருவன்.

"நாப்பதாவது ஒண்ணாவது. இனிமே அந்தப் பேரைச் சொல்லாதீங்கடா" என்று சிரித்த மாமனார், ஏணியில் தலை தெரிந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். "இதோ வரான் பாரு. நம்ம பையன்."

ஒன்றரை வருஷத்தில் அவர் அவனை அவன் இவன் என்று சொன்னதில்லை. வாங்க, போங்க, மாப்பிள்ளை என்று மரியாதையாக ஒரு கை தூரத்திலேயே வைத்திருந்தார். இன்று நாலு பேர் முன்னால் 'நம்ம பையன்' என்றுவிட்டார். சொல்ல வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, எதாச்சும் வேணுமா?"

"இல்ல மாமா. சும்மா காத்து வாங்க வந்தேன்."

திரும்பக் கீழே இறங்கியதும் அவன் செய்தது அதைவிட மோசம். குச்சியை உருவினான். இன்னும் அரை விரல் ஏறியிருந்தது. எஞ்சின் பக்கத்தில் எண்ணெயை வெளியே எடுக்கிற கைப்பம்ப் ஒன்று பொருத்தியிருக்கும். அதை அடித்து அடித்து ஒரு பழைய டப்பாவில் எண்ணெயை இறக்கினான். அளவு மேல் கோட்டுக்கு வந்ததும் நிறுத்தினான். இனி யார் வந்து குச்சியைப் பார்த்தாலும் சரியாக இருக்கும். உள்ளே இருப்பது எண்ணெயா டீசலா என்பது குச்சிக்குத் தெரியாதே.

ஏணியில் கால் தெரிந்தது. பாப்பா சோற்று டப்பாவோடு இறங்கி வந்தாள்.

"முட்டை வெச்சிருக்கேன். ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க." டப்பாவைக் கொடுத்துவிட்டு அவன் காலடியைப் பார்த்தாள். "இது என்ன, எதையோ எடுத்துட்டிருக்கீங்க?"

"அழுக்கு. அடியில தங்கின அழுக்கை எடுத்துட்டா நல்லது."

"இவ்வளவு அழுக்கா?"

"பழைய எஞ்சின்ல? முப்பது வருஷத்துது."

"அப்பா கிட்ட சொல்லாதீங்க, கோவிச்சுக்குவாரு" என்று சிரித்துக்கொண்டே அவள் ஏறிப் போனாள். மாப்பிள்ளை டப்பாவைத் திறந்தான். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டான்.

திரும்பும்போது காற்று கிளம்பிவிட்டது. வழக்கத்தைவிடச் சீக்கிரம். வெயில் இருக்க இருக்கவே தென்மேற்கில் சாம்பல் நிறமாகத் திரண்டு, கடல் குட்டி குட்டியாய் வெள்ளையடித்தது. தீவில் முன்பே தங்கி வேலை பார்த்த கொத்தனார்கள் சிலர் வேலை முடிந்து திரும்பினார்கள். குழந்தை வைத்திருந்த பெண்ணும் திரும்பினாள். குழந்தை அழுவது கீழே வரை கேட்டது.

ஊர்த்துறை ஆற்றுக்குள் இருக்கிறது. கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைகிற வாயில் இரண்டு பக்கமும் கல் அடுக்கிய நீளச் சுவர்கள். கடல்மட்டம் இறங்குகிற வற்று நேரத்தில் ஆறு வேகமாகக் கடலுக்குள் பாயும், காற்று அலையை அதன்மேல் தள்ளும். இரண்டும் முட்டிக்கொள்கிற அந்த இடத்தில் எஞ்சின் முழு வேகத்தில் இழுத்தால்தான் படகு நேராக நிற்கும். இழுவை குறைந்தால் படகு பக்கவாட்டில் திரும்பிக் கல்லில் போய்ச் சாயும். போன வருஷம் ஒரு படகு அப்படித்தான் சாய்ந்தது. அதன் பலகைகள் இன்னும் கற்களுக்கு நடுவில் செருகிக் கிடக்கின்றன.

வாயிலுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது முள் கால்வாசிக்கு இறங்கிவிட்டது. மாப்பிள்ளை மீட்டரைத் தட்டிப் பார்த்தான். மீட்டர் பழுதாக இருக்கக்கூடாதா என்று ஒரு ஆசை. முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. எஞ்சினின் பழகிய இரைச்சலுக்கு அடியில் ஒரு தட்டல். டக், டக், டக் என்று மரத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டுவது போல. பேரிங்.

அவன் ஏணிக்கு ஓடிப்போய்த் தலையை நீட்டினான்.

"மச்சான், வேகத்தைக் குறைங்க."

"என்ன வெளையாடறீங்களா? வாய்க்குள்ள நுழைஞ்சுட்டோம்." மச்சான் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பாமலே கத்தினான். "இப்பக் குறைச்சா கல்லுமேலதான்."

இரண்டு பக்கமும் கற்சுவர் தெரிந்தது. ஈரக் கல்லில் பாசி கூடத் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில். பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்காரியின் தோளை இன்னொரு கையால் அணைத்துக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

அவன் கீழே இறங்கினான். புது எண்ணெய் கைவசம் இல்லை. இருந்தது கியர் பெட்டிக்கு ஊற்றுகிற தொண்ணூறு நம்பர், ஐந்து லிட்டர் டின் ஒன்று. எஞ்சினுக்கு அது ஆகாது. அதிலிருக்கிற மருந்து நாளடைவில் பேரிங்கை அரித்துவிடும். நாளடைவைப் பற்றி இப்போது யார் கவலைப்பட்டது? அது கெட்டி எண்ணெய், எஞ்சின் எண்ணெயில் நாற்பது ஐம்பது நம்பருக்குச் சமம். ஆனால் உள்ளே இருக்கிற நீர்த்த எண்ணெயை இறக்காமல் அதை ஊற்ற இடமில்லை. எஞ்சின் ஓட ஓட ஒரு கையால் பம்ப் அடித்து இறக்க வேண்டும், ஒரு கையால் மேலே ஊற்ற வேண்டும். டின்னைத் தூக்கவே இரண்டு கை வேண்டும். படகு ஒரு ஆட்டம் ஆடியது, டின் அவன் முழங்காலில் இடித்து உருண்டது.

"நகருங்க."

மாமனார். இடுப்பு விட்ட மனிதர் ஏணியில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கீழ்ப்படியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து பம்ப் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். "தட்டல் கால்ல கேக்குது. பலகை சொல்லுது. நான் இறக்கறேன், நீங்க ஊத்துங்க."

பம்ப் அடித்தார். டப்பாவில் கறுப்பாக விழுந்தது. அவர் விரலை நீட்டி ஒரு சொட்டைத் தொட்டார், தேய்த்தார், மூக்குக்குக் கொண்டுபோனார். கண் எஞ்சின் பக்கவாட்டில் ஒரு இடத்துக்குப் போய் நின்றது. டாங்கியிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற சின்ன ஃபீட் பம்ப் இருக்கிற இடம்.

"ஊத்துங்க மாப்பிள்ளை. எதைப் பாத்துட்டு நிக்கறீங்க?"

மாப்பிள்ளை மூடியைத் திறந்தான். கொதிக்கும் எண்ணெய் முகத்தில் தெறித்தது. டின்னை நெஞ்சோடு அணைத்துச் சாய்த்தான். தொண்ணூறு நம்பர் தேன் மாதிரி சோம்பேறித்தனமாக இறங்கியது. படகு சாய்ந்தது, பாதி வெளியே வழிந்து சூட்டில் புகைந்தது.

"இறங்குதா?"

"இறங்குது மாமா."

"முள்ளு?"

"ஏறல."

"நிறுத்தாதீங்க. ஊத்துங்க."

தட்டல் பெரிதாகிக்கொண்டிருந்தது. மேலே ஒரு அலை அடித்து, ஏணி வழியாகத் தண்ணீர் கொட்டியது. யாரோ சாமியைக் கூப்பிட்டார்கள். படகின் முகம் இடப்பக்கம் திரும்புவது மாப்பிள்ளையின் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. மேலே நிற்கிறாள் பாப்பா. கல் இடப்பக்கம்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஊற்றினான். மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் வலியில் முனகிக்கொண்டு பம்ப் அடித்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டின் காலியாகப் போகிற நேரத்தில் முள் அசைந்தது. கொஞ்சம்தான். பிறகு இன்னும் கொஞ்சம். கால்வாசிக்கு வந்து அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. தட்டல் அடங்கவில்லை, ஆனால் வளரவுமில்லை. படகு ஒரு குலுக்கலோடு நேரானது. அப்புறம் ஆட்டம் குறைந்து, தண்ணீர்ச் சத்தம் மாறி, ஆற்றுக்குள் வந்துவிட்டோம் என்று தெரிந்தது.

துறையில் கயிறு போட்டதும் மாப்பிள்ளை எஞ்சினை நிறுத்தினான். அந்த அமைதியில் அவன் காது இரைந்தது. ஜனங்கள் இறங்கும் சத்தம் கேட்டது. மச்சான் மடமடவென்று கீழே வந்தான். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"என்ன ஆச்சு? அந்த ஆயிலா? சொல்லுங்க மாப்பிள்ளை, நீங்க போட்ட அந்த ஆயிலா?"

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மாமனார், "ஸ்பேனரைக் குடுடா" என்றார். ஃபீட் பம்பின் திருகாணிகளைத் தானே கழற்றினார். மூடியை எடுத்தார். உள்ளே டீசலையும் எண்ணெயையும் பிரித்து நிறுத்துகிற வட்டமான ரப்பர் ஒன்று இருக்க வேண்டும். இருந்தது. ஊறி, உப்பி, நடுவில் வாய் மாதிரி கிழிந்திருந்தது. அது கடையில் வாங்கினதே இல்லை. ஓரத்தில் கத்திரிக்கோல் தடம் தெரிந்தது.

"லாரி ட்யூப்ல வெட்டினது" என்றார் மாமனார். "நான் வெட்டினது. இடுப்பு விழறதுக்கு முன்னாடி. கடையில இல்லைன்னான், வர வரைக்கும் ஓடட்டும்னு போட்டேன். அப்புறம் படுத்துட்டேன். மறந்தே போச்சு. டீசல்ல ட்யூப் ரப்பர் நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும்." ரப்பரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளை போட்ட ஆயில் மேல ஒரு தப்பும் இல்ல. அது தங்கம். நான்தான் அதுல டீசலைக் கலந்தேன்."

மச்சான் பெருமூச்சு விட்டான். கோபம் வடிந்து, பயம் வடிந்து, அவனுக்குச் சிரிப்புக்கூட வந்துவிட்டது. "ஏம்ப்பா, போயும் போயும் லாரி ட்யூபா? பஞ்சர் ஒட்டாம விட்டீங்களே." மாப்பிள்ளையின் தோளில் தட்டினான். "மன்னிச்சுக்கோங்க மாப்பிள்ளை. பதட்டத்துல உங்களைச் சொல்லிட்டேன். இன்னிக்கு நீங்க இல்லைன்னா எல்லாரும் கல்லுமேல கிடந்திருப்போம்."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அவன் பேசாமல் இருந்தால் போதும். எண்ணெய் நல்ல எண்ணெய், தப்பு வேறொருவருடையது, காப்பாற்றியவன் அவன். இன்று இரவும் அவனுக்குத்தான் முதலில் சோறு.

பாப்பா ஏணியின் கீழ்ப்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அவள் ரப்பரைப் பார்க்கவில்லை. மூலையில், தீவில் அவன் நிரப்பி ஒதுக்கி வைத்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க அழுக்கு எடுக்கறேன்னு சொன்னீங்களே," என்றாள். "அது அழுக்கா?"

மச்சான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இல்ல" என்றான் மாப்பிள்ளை.

"அப்ப அங்கயே தெரியுமா?"

"காலையிலயே தெரியும். கிளம்பறதுக்கு முன்னாடி பாத்தேன். டீசல் இறங்கியிருந்துச்சு. ராத்திரி எல்லாரும் அப்படிச் சொன்னீங்க... மாமா வேற வந்திருந்தாரு. என்னால சொல்ல முடியல."

மாமனார் தொண்டையைச் செருமினார். "சரி விடு பாப்பா. வந்து சேந்துட்டோம்ல. மூல காரணம் நான்தானே. அவரைப் போயி..."

"நீங்க பேசாதீங்கப்பா. நீங்க மறந்து விட்டீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள். "நீங்க தெரிஞ்சு ஏத்தினீங்க. அத்தனை பேரையும். நான் சீட்டுக் கிழிச்சுக் குடுக்கறது உங்களுக்குக் கேட்டுதுல்ல? கேட்டுட்டே இருந்தீங்க."

அவள் திரும்பி ஏறிப் போனாள். அவள் கால் மேலே பலகையில் நடந்து துறைப் பக்கம் போவது கேட்டது. வீட்டுக்குப் போகிறாள் என்று அவன் நினைத்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவாள், அது அவள் வீடு, போக வேண்டியவன் நான்தான் என்றெல்லாம் ஒரு நொடிக்குள் நினைத்துவிட்டான்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்கால நடைக்காகத் துறையில் ஜனங்கள் காத்திருந்தார்கள். இறங்கினவர்களும் இன்னும் கலையாமல் துணியைப் பிழிந்துகொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னால் போய் நின்று அவள் பேசுவது எஞ்சின் அறையின் திறந்த மேல்மூடி வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"இன்னிக்கு இனிமே படகு இல்லைங்க. எஞ்சின் ஆயில்ல டீசல் கலந்திருக்கு. பிரிச்சு மாத்தாம எடுக்க மாட்டோம்."

"இப்பதானேம்மா ஓடிச்சு?" என்றது ஒரு ஆண்குரல்.

"ஓடிச்சு. ஓட்டியிருக்கக் கூடாது. காலையிலயே எங்களுக்குத் தெரியும். சொல்லாம ஓட்டிட்டோம்."

ஓட்டிட்டோம் என்றாள். எஞ்சின் அறையில் மூன்று ஆண்களும் தலையைத் தூக்கவில்லை. மாமனாரின் கையிலிருந்து ரப்பர் நழுவி எண்ணெயில் விழுந்தது.

"நாங்க வந்தமே," என்று குழந்தைக்காரியின் குரல் கேட்டது. "இவனைத் தூக்கிட்டு. அப்பவும் தெரியுமா?"

"ஆமாங்க," என்றாள் பாப்பா. "அப்பவும் தெரியும்."

பிறகு அங்கே பல குரல்கள் ஒன்றாகக் கிளம்பின. அவள் தனியாக நடுவில் நின்று ஒவ்வொருவருக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கையைக்கூடத் துடைக்காமல் ஏணியில் ஏறினான்.